கட்டிலும் மெத்தையும்: கொழும்பில் வீடு எடுப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தளபாடக் கடையொன்றில் சில காலம் வேலை செய்ததால், வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனைப் பக்கம் புதுவீடு போகிற உறவினர்களும் தெரிந்தவர்களும் கட்டில், மெத்தை விஷயத்தில் என்னைத்தான் கேட்பார்கள். ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. கேட்டவர்களின் பேச்சிலேயே அவற்றைப் போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். விலை அடிக்கடி மாறுவதால் எங்கும் விலை போடவில்லை.

முதல்ல கட்டில் வாங்கிறதோ, மெத்தை வாங்கிறதோ?

முதலில் அறையை அளக்க வேண்டும். அப்புறம் மெத்தை. கட்டில் கடைசி. பலர் செய்வது இதற்கு நேர் எதிர். தலைமாட்டில் செதுக்கு வேலை உள்ள கட்டிலைப் பார்த்து மனம் போய், கையிலுள்ள காசில் முக்கால்வாசியை அதற்குக் கொடுத்துவிட்டு, மிச்சத்துக்கு அகப்படுகிற மெத்தையைத் தூக்கி வருவார்கள். உடம்பு படுவது மெத்தையில்தான். கட்டிலுக்கு இருப்பது இரண்டே வேலை: மெத்தையை மட்டமாகத் தாங்குவது, அதன் கீழே காற்றுப் போக விடுவது. இந்த இரண்டாவது வேலை கொழும்பில் எவ்வளவு முக்கியம் என்பதைப் பூஞ்சணம் பற்றிய கேள்வியில் விரிவாகச் சொல்கிறேன்.

காசு மட்டாக இருந்தால் நல்ல மெத்தையும் சாதாரணக் கட்டிலும் வாங்குங்கள். கட்டிலை இரண்டு மூன்று வருடத்தில் மாற்றிக்கொள்ளலாம். அவ்வளவு காலம் கூடாத மெத்தையில் படுத்த நாரியை அப்படி மாற்ற முடியாது.

சிங்கிள், டபுள், குயின், கிங் எண்டு சொல்லுகினம். அடிக் கணக்கில எவ்வளவு?

இங்கே அகலத்தை வைத்துத்தான் பெயர். 3 அடி சிங்கிள், 4 அடி டபுள், 5 அடி குயின், 6 அடி கிங். நீளம் 72, 75, 78 அங்குலம் என்று மூன்று விதமாக வரும். கடையில் "ஆறுக்கு அஞ்சு" என்று கேட்டால் 72 அங்குல நீளத்தைத்தான் எடுத்துத் தருவார்கள். படுப்பவரின் உயரத்தோடு குறைந்தது 6 அங்குலம் கூட்டிப் பாருங்கள். 5 அடி 8 அங்குலம் உயரமானவருக்கே 74 வந்துவிடும், அவருக்கு 72 போதாது. கால் கட்டிலுக்கு வெளியே நிற்கும். நீளம் கூடினால் அறையில் போவது 3 அங்குலம்தான்.

வெளிநாட்டில் இருந்து உறவினர் கொண்டுவரும் கட்டில் விரிப்புகள் பொருந்தாமல் போவதும் இதனால்தான். கனடா, அமெரிக்காவில் குயின் என்றால் 60க்கு 80 அங்குலம். இங்கிலாந்தில் டபுள் 54க்கு 75, அங்கே கிங் என்பது 60க்கு 78. ஆகவே லண்டன் மாமி கொண்டுவரும் கிங் விரிப்பு இங்குள்ள 78 அங்குல நீளக் குயினுக்குத்தான் அளவாக இருக்கும். கேட்பவர்களுக்குப் பெயரைச் சொல்லாமல் அங்குலத்தைச் சொல்லுங்கள்.

எங்கட அறை பத்துக்குப் பத்து. ஆறுக்கு அஞ்சு கட்டில் போட்டா நடக்க இடம் இருக்குமோ?

இருக்கும், ஆனால் ஒரு பக்கத்தைச் சுவரோடு விட வேண்டும். சட்டத்தையும் சேர்த்தால் அந்தக் கட்டில் கிட்டத்தட்ட 5 அடி 4 அங்குல அகலமும் 6 அடி 8 அங்குல நீளமும் வரும். ஒரு சுவரோடு ஒட்டிப் போட்டால் மறுபக்கம் 4 அடி 8 அங்குலம் மிஞ்சும். அலுமாரி 2 அடி ஆழம் பிடித்தாலும் 2 அடி 8 அங்குலம் நடக்கக் கிடைக்கும். கட்டிலை நடுவில் போட்டு அலுமாரியைக் கால்மாட்டில் வைத்தீர்களென்றால் இடையில் 1 அடி 4 அங்குலம்தான் இருக்கும், அலுமாரிக் கதவு திறக்காது. அப்படித்தான் வைக்க வேண்டுமென்றால் பக்கவாட்டில் இழுத்துத் திறக்கும் கதவுள்ள அலுமாரி வேண்டும்.

சுவரோடு விட்டாலும் இரண்டு மூன்று அங்குலம் இடைவெளி விடுங்கள், காற்றுக்கும் விரிப்பை மாற்றக் கை போகவும். வாங்க முன் பழைய பேப்பர்களைக் கட்டிலின் அளவுக்குத் தரையில் விரித்து ஒட்டி, ஒருநாள் முழுக்க அந்த அறையில் நடமாடிப் பாருங்கள். கதவு எங்கே முட்டுகிறது, யன்னல் கொக்கிக்குக் கை எட்டுகிறதா, இரவில் எழும்பிப் போக வழி இருக்கிறதா எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

தும்பு, ஃபோம், ஸ்பிரிங், லேடெக்ஸ்... இதில எது நல்லது?

இரவில் குளிரூட்டி போடுகிறீர்களா, மின்விசிறி மட்டுமா என்பதில் இருந்து தொடங்குங்கள். மின்விசிறி மட்டும் உள்ள அறையில் மெத்தை காற்றை விட வேண்டும். தென்னந்தும்பை றப்பர்ப் பாலில் தோய்த்து அழுத்திச் செய்யும் தும்பு மெத்தை அந்த வகையில் முதலிடம். விலையும் கட்டுப்படியாகும், உறுதியாகவும் இருக்கும். காலம் போகப் போக நாரி படும் இடத்தில் அமுங்கிப்போகும், நனைந்தால் மணக்கும். தனித் தும்பு சிலருக்குக் கடினம். மேலே ஓரிரு அங்குலம் லேடெக்ஸோ ஃபோமோ சேர்த்த தும்பு மெத்தைகள் வருகின்றன. சாதாரண வருமானத்தில் குடும்பம் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது பெரும்பாலும் அதைத்தான்.

ஃபோம் பாரம் குறைவு, தூக்கி வைக்க இலகு. ஆனால் உடல் சூட்டைப் பிடித்து வைக்கும். அமுக்கினால் மெல்ல எழும் மெமரி ஃபோம் அதைவிடச் சூடு, குளிரூட்டி இல்லாத அறைக்கு அதை நான் சொல்லமாட்டேன். ஸ்பிரிங்கில் இரண்டு வகை. கம்பிகளெல்லாம் ஒன்றோடொன்று பிணைந்திருப்பது ஒன்று. அதில் ஒருவர் புரண்டால் மற்றவர் விழித்துக்கொள்வார். ஒவ்வொரு சுருளும் தனித்தனித் துணிப்பையில் இருப்பது பொக்கட் ஸ்பிரிங். தம்பதிகளுக்கு அதுதான் பொருத்தம். இரண்டிலும் உள்ளே காற்று ஓடும். கடற்கரையோரத் தொடர்மாடிகளில் உப்புக்காற்றில் கம்பி துருப்பிடிக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வைத்திருங்கள்.

லேடெக்ஸ் றப்பர்ப் பாலை நுரைக்கவைத்துச் செய்வது. 1876இல் கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் வந்து இறங்கிய கன்றுகளில் இருந்துதான் இந்த நாட்டின் றப்பர் தொடங்கியது. களுத்துறை, கேகாலைப் பக்கத்துத் தோட்டங்களின் பால் இன்று மெத்தையாகி வெளிநாடுகளுக்கும் போகிறது. உடம்புக்கு ஏற்பக் கொடுக்கும், உடனே எழும், உள்ளே ஊசித் துளைகள் இருப்பதால் ஃபோம் அளவுக்குச் சுடாது, நெடுங்காலம் உழைக்கும். விலையும் பாரமும்தான் குறை. வாங்கும்போது முழுக்க இயற்கைப் பாலா, செயற்கை றப்பர் கலந்ததா என்று கேட்டு பில்லில் எழுதி வாங்குங்கள்.

"ஹை டென்சிட்டி" எண்டு கடைக்காரர் சொல்லுறார். உண்மையோ எண்டு எப்பிடித் தெரியும்?

நிறுத்துப் பாருங்கள். அடர்த்தி என்பது ஒரு கனமீட்டர் ஃபோமின் எடை, வேறொன்றும் இல்லை. ஆறுக்கு அஞ்சு, 6 அங்குலத் தடிப்பு மெத்தை சரியாக 15 கன அடி, அதாவது கிட்டத்தட்ட 0.42 கனமீட்டர். அடர்த்தி 32 என்றால் உள்ளே இருக்கும் ஃபோம் மட்டும் பதின்மூன்றரைக் கிலோ அளவில் இருக்க வேண்டும். 18 என்றால் ஏழரைக் கிலோதான். உறைக்கு ஒன்றிரண்டு கிலோ கழித்துக்கொள்ளுங்கள். கடையில் தராசு இல்லாவிட்டால், வீட்டில் ஆள் நிறுக்கும் தராசில் ஒருதரம் வெறுமனேயும் ஒருதரம் மெத்தையைத் தூக்கிக்கொண்டும் ஏறி நிற்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு மெத்தைகளைக் கையால் தூக்கிப் பார்த்தாலே பாதி உண்மை தெரியும்.

நாள்தோறும் பெரியவர்கள் படுக்கும் மெத்தைக்கு 30இற்குக் குறையாமல் பாருங்கள். உடல் பாரமானவர்களுக்கு 40 பக்கம் போவது நல்லது. இன்னொன்று, அடர்த்தி வேறு, கடினம் வேறு. அடர்த்தி கூடிய மெத்தை மென்மையாகவும் இருக்கலாம், அடர்த்தி குறைந்தது கல்லாகவும் இருக்கலாம். கையால் அமுக்கிப் பார்த்து "நல்ல ஹார்ட், அப்ப டென்சிட்டி கூடத்தான்" என்று முடிவுகட்டினால் ஏமாந்துவிடுவீர்கள்.

நாரி நோவுக்கு நல்லா இறுகின மெத்தைதான் நல்லதாமே? வெறுந்தரையில படுக்கச் சொல்லியும் சொல்லுகினம்.

ஸ்பெயினில் நாட்பட்ட நாரி நோவுள்ள 313 பேருக்கு இரண்டு வகை மெத்தைகளைக் கொடுத்து 90 நாட்களுக்குப் பின் பார்த்தார்கள். 2003இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வந்தது. மிகக் கடினமான மெத்தையில் படுத்தவர்களைவிட நடுத்தர உறுதியான மெத்தையில் படுத்தவர்களுக்குத்தான் நோவு கூடுதலாகக் குறைந்திருந்தது. காரணம் விளங்கக் கூடியதுதான். ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பும் கொஞ்சம் உள்ளே இறங்கினால்தான் முதுகெலும்பு நேராக நிற்கும். கல்லான மெத்தை அவற்றை இறங்க விடாது. பள்ளம் விழுந்த மெத்தை அளவுக்கு மீறி இறங்க விடும்.

கடையில் செருப்பைக் கழற்றிவிட்டு, நீங்கள் வழமையாகத் தூங்கும் விதத்தில் பத்து நிமிடமாவது படுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, பல வருடம் படுக்கப்போகும் பொருள். நிமிர்ந்து படுத்து நாரிக்குக் கீழே கையை விடுங்கள். தாராளமாகப் போய்வந்தால் மெத்தை உங்களுக்குக் கடினம். போகவே மறுத்தால் அது மென்மை கூடியது. தலையணை உயரத்தையும் பாருங்கள், கழுத்து நோவுக்கு மெத்தையைக் குற்றம் சொல்லும் பலருக்குப் பிழை தலையணையில் இருக்கும். நோவு காலுக்கு இறங்கினாலோ, கால் விறைத்தாலோ கடைக்குப் போகாமல் வைத்தியரிடம் போங்கள்.

மெத்தையைத் தூக்கினா அடியில கறுப்பாப் பூஞ்சணம். நாங்கள் துப்பரவாத்தானே வைச்சிருக்கிறம்?

துப்பரவுக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. தூங்கும்போது உடம்பில் இருந்து வெளியேறும் ஈரம் மெத்தைக்குள் இறங்குகிறது. கொழும்புக் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருப்பதால் அது இலகுவில் காய்வதில்லை. மெத்தையின் கீழே காற்று ஓட்டமும் இல்லாவிட்டால் ஈரம் அங்கேயே தங்கிப் பூஞ்சணம் பிடிக்கும். இடம் மிச்சம் பிடிக்கவென்று டைல் தரையில் நேரே மெத்தையைப் போடுகிறவர்களுக்கும், துளை இல்லாத பிளைவூட் பலகையில் போடுகிறவர்களுக்கும்தான் இது கூட. மே தொடக்கம் செப்டெம்பர் வரையான தென்மேல் மழைக்காலத்தில் இன்னும் மோசம்.

கட்டிலின் குறுக்குச் சட்டங்களுக்கு இடையில் 2 முதல் 3 அங்குலம் இருக்கட்டும். அதைவிடக் கூடினால் ஃபோமும் லேடெக்ஸும் இடையால் கீழே பிதுங்கும். பிளைவூட்தான் இருக்கிறதென்றால் தச்சரைக் கொண்டு அரை அடிக்கு ஒன்றாக ஓர் அங்குலத் துளைகள் போடுவியுங்கள். காலையில் எழும்பியவுடன் விரிப்பை இழுத்து மூடாமல், அரை மணித்தியாலம் திறந்து விட்டு மின்விசிறியைச் சுழல விடுங்கள். கிழமைக்கு ஒருதரம் மெத்தையைச் சுவரோடு நிமிர்த்தி வையுங்கள். தும்பு மெத்தையையும் பஞ்சு மெத்தையையும் வெயிலில் போடலாம். லேடெக்ஸை ஒருபோதும் போட வேண்டாம். வெயில் பட்டால் றப்பர் காய்ந்து பொடியாகும், அதற்கு நிழல் காற்றே போதும்.

புது மெத்தைக்கு வந்த பொலித்தீன் உறையைப் "புதுசா இருக்கட்டும்" என்று கழற்றாமல் அதன்மேல் விரிப்பைப் போடுவதை எத்தனையோ வீட்டில் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து முதல்நாளே கழற்றுங்கள். ஈரத்தை உள்ளே பூட்டி வைப்பது அந்த உறைதான். வீட்டில் இழுப்போ தும்மலோ உள்ள பிள்ளை இருந்தால் இதை இன்னும் கவனிக்க வேண்டும். தூசிப்பூச்சிகளும் ஈரத்தில்தான் பெருகும்.

அப்ப, கீழ சாமான் வைக்கிற கட்டில் வாங்கவே கூடாதோ? எங்களுக்கு அலுமாரிக்கே இடமில்லை.

வாங்கலாம். சின்ன வீட்டில் கட்டிலுக்குக் கீழே கிடைக்கும் இடம் ஓர் அலுமாரிக்குச் சமம், அதை விடச் சொல்ல மாட்டேன். மேலே சொன்ன காற்றை மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். பெட்டியின் மேற்பலகை சட்டம் சட்டமாகவோ துளைகளோடோ இருக்க வேண்டும். உள்ளே முட்ட முட்ட அடைக்காமல் மேல் கொஞ்சம் வெறுமையாக விட வேண்டும். புத்தகம், பட்டுச்சேலை, குளிர்நாட்டுக் கம்பளிச் சட்டை போன்றவற்றை மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு வையுங்கள்.

இழுப்பறைக் கட்டிலுக்குப் பக்கத்தில் 2 அடியாவது வெறுமையாக இருக்க வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் சுவர்ப் பக்கத்து இழுப்பறை திறக்கவே திறக்காது. மெத்தையோடு மேலே தூக்கித் திறக்கும் ஹைட்ரோலிக் கட்டிலுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் மூடியைத் தூக்கிப் பிடிக்கும் காற்றுத் தண்டுகள் மெத்தையின் பாரத்துக்குப் பொருந்த வேண்டும். அதே ஆறுக்கு அஞ்சு அளவில் லேடெக்ஸ் 30 கிலோவைத் தாண்டக்கூடியது. பாரம் கூடினால் மூடி தூக்கிய இடத்தில் நிற்காது. உங்கள் மெத்தையைப் போட்டுத் திறந்து காட்டச் சொல்லுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் திறந்திருக்கும்போது கிட்ட வர விட வேண்டாம். சாதாரண உயரக் கால் கட்டிலின் கீழே சக்கரம் வைத்த பெட்டிகளைத் தள்ளி வைப்பது இவை எல்லாவற்றையும்விட மலிவு, காற்றும் தாராளம். என் விருப்பமும் அதுதான்.

மரமோ, சிப்போர்டோ, இரும்போ?

வாடகை வீட்டில் இருந்து வருடத்துக்கொரு தடவை மாறுகிறவர்கள் சிப்போர்ட் கட்டிலைத் தவிருங்கள். ஒருமுறை கழற்றிப் பூட்டினால் திருகாணி பிடிக்காது. நிலம் கழுவும் தண்ணீர் காலில் பட்டுப் பட்டு ஊதிப்போகும். இரும்புக் கட்டில் மலிவு, மெல்லியது, காற்றுப் போகும். கடற்கரைப் பக்கத்தில் வெல்டிங் மூட்டுகளில் துரு தொடங்கும், அந்த இடங்களில் பெயின்ட் நன்றாகப் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

மரம் என்றால் மொறட்டுவைப் பட்டறைகளில் உங்கள் அளவுக்கே செய்விக்கலாம். தேக்கு, மஹோகனி, பலா எல்லாம் நன்றாக உழைக்கும். றப்பர் மரம் மலிவு, மருந்து ஏற்றிப் பதப்படுத்தியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வண்டு துளைத்து மாவாகக் கொட்டும். எந்த மரமானாலும் ஆணி அடித்து ஒட்டாமல் போல்ட் போட்டுக் கழற்றக் கூடியதாகச் செய்யச் சொல்லுங்கள்.

நாங்கள் நாலாம் மாடி, லிப்ட் சின்னன். மெத்தை ஏறுமோ?

லிப்ட்டின் உள் உயரம், கதவின் அகலம், படிக்கட்டுத் திருப்பத்தின் அகலம் மூன்றையும் அளந்துகொண்டுதான் கடைக்குப் போக வேண்டும். ஃபோம், லேடெக்ஸ் வளைந்து கொடுக்கும். ஸ்பிரிங் வளையாது, வளைத்தால் உள்ளே கம்பி கோணிவிடும். காற்றை உறிஞ்சிச் சுருட்டிப் பெட்டியில் வரும் மெத்தைகள் இப்படியான வீடுகளுக்கு உதவும். பிரித்த பின் ஓரிரு நாள் விரித்து விட்டால்தான் முழுத் தடிப்புக்கு வரும். புது மணம் போகும்வரை யன்னலைத் திறந்து வையுங்கள். ஆறடிக் கிங் தேவைப்படுகிறவர்கள் இரண்டு 3 அடி மெத்தையாக வாங்கிச் சேர்த்துப் போடலாம், வீடு மாறும்போதும் அது சுகம்.

யாழ்ப்பாணத்தில இருந்து ஆக்கள் வந்தா எங்க படுக்க விடுறது? இருக்கிறதே ரெண்டு அறை.

விசா, ஆஸ்பத்திரி, விமான நிலையம், கலியாணம் என்று ஆட்கள் வந்துகொண்டே இருக்கும் ஊர் இது. இரவு பஸ்ஸில் வந்து விடியப்புறம் வெள்ளவத்தையில் இறங்கி வருகிறவருக்கு நீட்டி நிமிர ஓர் இடம் வேண்டும். பிள்ளைகளின் சிங்கிள் கட்டிலுக்குக் கீழே தள்ளி வைக்கும் இழுப்புக் கட்டில்தான் இதற்கு நான் முதலில் சொல்வது. பகலில் இடமே பிடிக்காது. கீழ்க் கட்டிலுக்கு 5 அங்குலத்துக்குமேல் மெத்தை கொள்ளாது, பல மாடல்களில் 4தான். வாங்க முன் அளந்து பாருங்கள்.

மூன்றாக மடித்து அலுமாரி மேல் வைக்கும் ஃபோம் மெத்தை வாடகை வீட்டுக்கு நல்ல வழி. நேரே தரையில் போடாமல் கீழே பன்பாய் விரித்துப் போடுங்கள். காலையில் மடிக்க முன் மறுபக்கம் திருப்பிக் காய விடுங்கள். சோபா கட்டில் மாதத்தில் இரண்டு மூன்று இரவுக்குச் சரி. நாள்தோறும் ஒருவர் படுக்கப்போகிறார் என்றால் வேண்டாம், நடுவிலுள்ள மடிப்பு நாரியில் குத்தும். வருகிறவர் வயதானவர் என்றால் அவருக்கு உங்கள் கட்டிலைக் கொடுத்துவிட்டு நீங்கள் பாயில் படுப்பதுதான் முறை, அதற்கு எந்தத் தளபாடமும் ஈடில்லை.

சுவரோட மடிச்சு நிப்பாட்டுற கட்டில் வாடகை வீட்டுக்குச் சரிவருமோ?

பெரும்பாலும் வராது. அந்தக் கட்டில் சரிந்து விழாமல் பிடித்து வைப்பது சுவரில் பதித்த போல்ட்டுகள்தான். தொடர்மாடிகளின் இடைச்சுவர்கள் பல உள்ளே வெறுமையான கல்லால் கட்டியவை, அவை தாங்கா. வீட்டுக்காரரும் துளை போட விடமாட்டார். சொந்த வீடு, உறுதியான சுவர், ஒரே அறைக்குள் வேலைமேசையும் கட்டிலும் வேண்டும் என்ற நிலை, மூன்றும் இருந்தால் செய்யுங்கள். மெத்தை நிமிர்ந்து நிற்பதால் நன்றாகக் காயும்.

பிள்ளையளுக்கு மேல்-கீழ் கட்டில் போடலாமோ?

மேலே படுக்கும் பிள்ளைக்கு 6 வயதாவது முடிந்திருக்க வேண்டும். மேற்கட்டிலின் தடுப்பு, மெத்தையின் மேற்பரப்பில் இருந்து 5 அங்குலமாவது உயர்ந்து நிற்க வேண்டும் என்பது அமெரிக்கப் பாதுகாப்பு விதி. நாமும் அதைப் பின்பற்றலாம். தடித்த மெத்தையைப் போட்டால் தடுப்பு பதிந்துவிடும், எனவே மேலே மெல்லிய மெத்தைதான்.

இங்கே பெரிய ஆபத்து மின்விசிறி. கூரை 9 அடி என்றால் இறக்கைகள் 8 அடியளவில் சுழலும். மேற்கட்டில் 5 அடி உயரத்தில் இருந்தால், அதில் எழும்பி இருக்கும் பிள்ளையின் தலை ஏழரை அடிக்கு வரும், கையை உயர்த்தினால் இறக்கையில் படும். கட்டில் மின்விசிறியில் இருந்து நன்கு விலகி மூலையில் இருக்க வேண்டும். அப்படி வைக்க அறை போதாவிட்டால் கூரை விசிறியைக் கழற்றிவிட்டுச் சுவர் விசிறி பூட்டுங்கள். இரண்டும் முடியாதென்றால் யாழ்ப்பாணத்தில் இருந்து வருகிறவர்கள் பற்றிய பதிலில் சொன்ன இழுப்புக் கட்டிலே போதும்.

கைக்குழந்தைக்குத் தனிக் கட்டில் வேணுமோ? எங்களோடயே போடலாம்தானே. ஏணையும் கட்டியிருக்கிறம்.

குழந்தை உங்கள் அறையில் இருக்கட்டும், உங்கள் மெத்தையில் வேண்டாம். குழந்தைக்கு உறுதியான, மட்டமான, தனிப் படுக்கை வேண்டும். நிமிர்த்திப் படுக்க வைக்க வேண்டும். தலையணை, சுற்றிவர அணைகள், தடித்த போர்வை ஒன்றும் வேண்டாம். பெரியவர்களின் மென்மையான மெத்தையில் முகம் புதைந்து மூச்சு முட்டும் ஆபத்து உண்மையானது. ஏணை பகலில் யாராவது பக்கத்தில் இருந்து பார்க்கும்போது ஆட்டுவதற்குச் சரி. அதில் உடம்பு வளைந்து நாடி நெஞ்சோடு ஒட்டுவதால் இரவு முழுக்க விட வேண்டாம். பெரிய கட்டிலோடு அணைத்து வைக்கக் கூடிய சின்னத் தொட்டில் 2 அடி அகலத்தில் கிடைக்கிறது. இடைவெளி இல்லாமல் இறுக்கிப் பூட்ட வேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. எவ்வளவு உயரக் கட்டில்?

மெத்தையும் சேர்த்துத் தரையில் இருந்து 18 முதல் 22 அங்குலம். விளிம்பில் இருக்கும்போது பாதம் முழுவதும் தரையில் படவேண்டும், முழங்கால் நேர்மட்டமாக நிற்க வேண்டும். அவரைக் கூட்டிக்கொண்டு போய் இருத்தி எழுப்பிப் பாருங்கள். ஓரம் அமுங்காத மெத்தையாக எடுங்கள், ஓரம் சரிந்தால் வழுக்கி விழுவார்கள்.

வடக்க தலை வைக்கக் கூடாது. ஆனா எங்கட அறையில வடக்குச் சுவர் மட்டும்தான் வெறுமையாக் கிடக்குது.

தலைமாட்டுப் பலகை இல்லாத கட்டில் வாங்குங்கள். எந்த முனையிலும் தலையணையை வைக்கலாம், தெற்கே தலை வைத்துப் படுத்துக்கொள்ளலாம். அந்தப் பலகைக்குப் போகும் நான்கைந்து அங்குலமும் மிச்சம். வீட்டுப் பெரியவர்களுக்கு மனநிறைவு, உங்களுக்கு இடம். இதில் வாக்குவாதத்துக்கு ஒன்றுமில்லை.

நுளம்பு வலை கட்டினா மின்விசிறிக் காத்து வராதே?

குறையும், ஆனால் டெங்கு உள்ள நகரத்தில் வலையை விட முடியாது. டெங்கு நுளம்பு கடிப்பது பகலில், முக்கியமாக விடியலிலும் பின்னேரத்திலும். பகலில் தூங்கும் குழந்தைக்குத்தான் வலை கட்டாயம். கூரைக் கொக்கியில் தொங்கும் வட்ட வலை விசிறியில் சிக்கும். கட்டிலின் நான்கு மூலையிலும் கம்பு பூட்டி விரிக்கும் பெட்டி வலை அதைவிட நல்லது. கட்டில் செய்விக்கும்போதே கம்புக்குத் துளை விடச் சொல்லுங்கள். ஹைட்ரோலிக் கட்டிலில் வலையை மெத்தைக்குக் கீழே சொருகினால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அவிழ்க்க வேண்டிவரும்.

பழைய மெத்தைக்கு மேல புதுசைப் போடலாமோ? ஆக்கள் பாவிச்ச கட்டில் வாங்கலாமோ?

போட வேண்டாம். கீழே உள்ள பள்ளம் சில மாதத்தில் மேலே வந்துவிடும், நடுவில் ஈரமும் தங்கும். பாவித்த மரக் கட்டில் வாங்கலாம், பாவித்த மெத்தை வேண்டாம். கட்டிலின் போல்ட் துளைகள், மூட்டுகள், தலைமாட்டின் பின்பக்கம் எல்லாம் டோர்ச் அடித்துப் பாருங்கள். கறுப்புப் புள்ளிகள் இருந்தால் மூட்டைப்பூச்சி. மாதக்கணக்கில் இரத்தம் குடிக்காமலே உயிரோடு கிடக்கும், வெயிலில் ஒருநாள் வைத்தால் போகாது. தொடர்மாடியில் ஒரு வீட்டுக்கு வந்தால் அடுத்த வீட்டுக்கும் போகும்.

பத்து வருட வாரண்டி எண்டு தந்தவை. ரெண்டு வருசத்தில பள்ளம் விழுந்திட்டுது, இப்ப கடையில ஏலாது எண்டினம்.

முதலில் வாரண்டிக் கடதாசியை வாசியுங்கள். எத்தனை அங்குலம் பதிந்தால் பிழையாக எடுப்பார்கள் என்று பெரும்பாலும் அதில் இருக்கும். கறை பட்டால், பொருந்தாத கட்டிலில் போட்டால் செல்லாது என்றும் இருக்கலாம். ஆகவே முதல்நாளில் இருந்தே கழுவக் கூடிய பருத்தி உறை போடுங்கள், சட்ட இடைவெளியை ஏழாவது கேள்வியில் சொன்ன அளவில் வையுங்கள். மெத்தையின் ஒரு விளிம்பில் இருந்து மறு விளிம்புக்கு நூலை இறுக்கிக் கட்டி, பள்ளத்தில் அடிமட்டத்தை நிறுத்திப் படம் எடுங்கள். கட்டிலின் சட்டங்களையும் மெத்தையில் தைத்திருக்கும் லேபலையும் எடுங்கள். பில்லின் பிரதியோடு எழுத்தில் கடைக்குக் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்குங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு எடுத்து முறையிடலாம். பில் இல்லாமல் போனால் எதுவும் நிற்காது. அதைப் போனில் படம் எடுத்து வைத்திருங்கள், கடையில் தரும் பில்லின் எழுத்து நாளடைவில் மங்கிப்போகும்.